கால்சியம்-52 அணுக்கருவின் ஆரத்தை லேசரால் அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி ஒரே ஓர் அளவீட்டை முதலிலிருந்து கடைசி வரை பின்தொடர்கிறது. 20 புரோட்டான், 32 நியூட்ரான் கொண்ட கால்சியம்-52 வெறும் 4.6 விநாடி அரை ஆயுள் உள்ளது. அதன் மின்னூட்ட ஆரம் (கருவில் புரோட்டான்களின் மின்னூட்டம் பரவியிருக்கும் அளவு) கால்சியம்-40-இன் ஆரத்திலிருந்து எவ்வளவு மாறுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஜெனீவா அருகே செர்ன் என்ற இயற்பியல் ஆய்வகத்தின் ஐசோல்டே கூடத்தில், கொலாப்ஸ் என்ற கருவித்தொடரில் இது செய்யப்பட்டது. முடிவு 2016-இல் வெளியானது. முறையின் பெயர் இணைகற்றை லேசர் நிறமாலையியல்: வேகமாக ஓடும் அயனிக் கற்றையும் லேசரும் ஒரே நேர்கோட்டில் செல்லும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் போய் நிற்பது லேசர் மேசையின் முன்னால்தான். ஆரத்தில் வரும் பெரும்பிழைகள் அங்கே பிறப்பதில்லை. அவை பிறப்பது உயர்மின்னழுத்த அளவியில், அதுவும் கதிரியக்கக் கற்றை வருவதற்கு முன்பே. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த ஒரு காரணத்தால் அமைந்தது.

1. லேசரைத் தொடும் முன் நான்கு எண்களைக் கணக்கிடுங்கள்

ஒற்றை மின்னூட்டம் கொண்ட கால்சியம் அயனியை 393 நானோமீட்டர் ஒளியால் தூண்டுகிறோம். அதிர்வெண் சுமார் 762 டெராஹெர்ட்ஸ். கற்றை ஆற்றல் 40 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்சியம்-40 அயனி விநாடிக்கு சுமார் 440 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதன் டாப்ளர் பெயர்ச்சி, அதாவது ஓட்டத்தால் ஒளியின் அதிர்வெண்ணில் தெரியும் மாற்றம், சுமார் 1,117 கிகாஹெர்ட்ஸ். இது முதல் எண்.

அதே ஆற்றலில் கால்சியம்-52 மெதுவாக ஓடும். அதன் டாப்ளர் பெயர்ச்சி சுமார் 980 கிகாஹெர்ட்ஸ். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 137 கிகாஹெர்ட்ஸ். இது இரண்டாவது.

நாம் தேடும் ஐசோடோப்பு பெயர்ச்சி, அதாவது இரு ஐசோடோப்புகளும் அசையாமல் நின்றால் அவற்றின் அதிர்வெண்களில் இருக்கும் வித்தியாசம், வெறும் 2.2 கிகாஹெர்ட்ஸ். இது மூன்றாவது. அந்த 2.2-இலும் பெரும்பகுதி நிறை மாறியதால் வருவது. அணுக்கருவின் அளவு மாறியதால் வரும் பங்கு சுமார் 150 மெகாஹெர்ட்ஸ். இது நான்காவது, நமக்கு வேண்டியதும் இதுதான்.

137 கிகாஹெர்ட்ஸுக்குள் ஒளிந்திருக்கும் 0.15 கிகாஹெர்ட்ஸைத் தேடுகிறோம். இந்த நான்கு எண்களையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்தப் பிழை பெரிது, எது சிறிது என்ற விவாதம் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தப் பக்கத்துக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம்: கற்றை மின்னழுத்தம் 1 வோல்ட் மாறினால் கால்சியம்-40-இன் கோடு (அயனிகள் ஒளிரும் அதிர்வெண்ணில் எழும் சிகரம்) சுமார் 14 மெகாஹெர்ட்ஸ் நகரும்.

2. கற்றையை முடுக்குவது ஏன் என்று தெளிவாகுங்கள்

கணக்கைக் குழப்பும் டாப்ளர் பெயர்ச்சியை நாமே ஏன் வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சுமார் 2,000 கெல்வின் வெப்பத்தில் இருக்கும் மூலத்திலேயே அணுக்களை அளந்தால், வெப்ப அசைவால் கோடு ஏறக்குறைய 4 கிகாஹெர்ட்ஸ் அகலமாகிவிடும். 2.2 கிகாஹெர்ட்ஸ் பெயர்ச்சி அதற்குள் அமிழ்ந்துபோகும்.

முடுக்கும்போது எல்லா அயனிகளுக்கும் ஒரே அளவு ஆற்றல் கூடுகிறது. ஆற்றல் சிதறல் அப்படியே இருக்கிறது. ஆனால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே வேகம் கூடக் கூட, அதே ஆற்றல் சிதறலுக்கு உரிய வேகச் சிதறல் குறைகிறது. 40 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் 1 எலக்ட்ரான்வோல்ட் சிதறல் 14 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையே தரும். கோட்டின் இயல்பு அகலமே சுமார் 23 மெகாஹெர்ட்ஸ்.

இது இலவசமாகக் கிடைப்பதல்ல. குறுகிய கோட்டுக்கு விலையாக, கற்றை ஆற்றலை மிகத் துல்லியமாக அறிய வேண்டிய கடமை வந்து சேர்கிறது.

3. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

அணுநிறைகள். டாப்ளர் கணக்கிலும் நிறைப் பெயர்ச்சிக் கணக்கிலும் அவை நுழைகின்றன. கால்சியம்-51, 52 நிறைகள் பென்னிங் பொறியில் (மின், காந்தப் புலங்களால் அயனிகளைப் பிடித்துவைக்கும் கருவி) அளக்கப்பட்டவை. அந்த மதிப்புகளையே எடுங்கள். நிறை எண் 52 என்று முழு எண்ணைப் போட்டுக் கணக்கிடுவது முதல் வாரத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. அயனிக்கு ஓர் எலக்ட்ரான் குறைவு என்பதையும் கழிக்க வேண்டும்.

ஒப்பீட்டு ஐசோடோப்பு. கால்சியம்-40 இயற்கைக் கால்சியத்தில் ஏறக்குறைய 97 விழுக்காடு. கற்றை எளிதாகக் கிடைக்கும், கருச்சுழற்சி பூஜ்யம் என்பதால் ஒரே கோடு. இதைவிட நல்ல ஒப்பீடு அமையாது.

உற்பத்தியும் மாசும். புரோட்டான் கற்றை யுரேனியம் கார்பைடு இலக்கில் மோதிப் பல தனிமங்களை உண்டாக்குகிறது. ரிலிஸ் என்ற லேசர் அயனி மூலம் கால்சியத்தைத் தேர்ந்து அயனியாக்கினாலும், அதே நிறை எண் கொண்ட குரோமியம்-52 போன்றவை கூடவே வரும். அவை நம் லேசருக்கு ஒளிராது. ஆகையால் கவலை இல்லை என்று நினைக்க வேண்டாம். கவலை 6-ஆம் படியில் வருகிறது.

எதிர்பார்க்கும் இடம். கொள்கைக் கணிப்புகள் பலவற்றை எடுத்து, கால்சியம்-52-இன் கோடு எந்த வோல்ட் வரம்புக்குள் இருக்கலாம் என்று குறித்து வையுங்கள். வரம்பைத் தாராளமாக வையுங்கள். இந்த ஐசோடோப்பின் ஆரம் கணிப்புகளைவிடப் பெரிதாக வந்தது. கணிப்பைச் சுற்றி மட்டும் குறுக்கித் தேடுகிறவருக்குக் கோடு கைநழுவும்.

4. மின்னழுத்தத்தை அளவுத்திருத்தம் செய்யுங்கள்

இந்தப் படிக்கு மற்றவற்றைவிட அதிக நேரம் ஒதுக்குங்கள்.

கற்றையின் மொத்த ஆற்றல் ஒரே ஓர் எண்ணாக எங்கும் எழுதியிருப்பதில்லை. அயனிகள் புறப்படும் இடத்தின் உயர்மின்னழுத்தம், கொத்தாக்கும் கருவிக்குள் (6-ஆம் படியில் வரும் ஐஸ்கூல்) அவை உண்மையில் உட்கார்ந்திருந்த மின்னழுத்தம், கடைசியில் நாம் ஸ்கேன் செய்யும் மின்னழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்துதான் ஆற்றல். திரையில் தெரியும் 40,000 என்பது நாம் கேட்டது. கிடைத்தது 39,990 ஆக இருக்கலாம்.

அந்த 10 வோல்ட் என்ன செய்யும்? இரு ஐசோடோப்புகளும் ஒரே அளவு நகர்ந்தால் வித்தியாசத்தில் அது அடிபட்டுப்போகும். ஆனால் கனமானது மெதுவாக ஓடுவதால் குறைவாக நகர்கிறது. 40-க்கும் 52-க்கும் இடையே 1 வோல்ட் பிழைக்கு சுமார் 1.7 மெகாஹெர்ட்ஸ் மிச்சம் நிற்கும். 10 வோல்ட்டுக்கு 17 மெகாஹெர்ட்ஸ். ஆரமாக மாற்றினால், சராசரி வர்க்க ஆரத்தில் (ஆரத்தின் வர்க்கத்துடைய சராசரி) 0.06 சதுர ஃபெம்டோமீட்டர். நாம் தேடும் மொத்த மாற்றமே சுமார் 0.53. பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெறும் வோல்ட் பிழையிலேயே போய்விடும்.

இதற்கு மருந்து இரண்டு. முதலாவது, துல்லியமான மின்னழுத்தப் பகுப்பியைக் கொண்டு நேரடியாக அளப்பது. ஸ்கேன் பெருக்கியின் பெருக்கக் காரணியையும் ஒவ்வொரு நாளும் அளந்து எழுதுங்கள். வெப்பநிலையோடு அது மெல்ல நகரும்.

இரண்டாவதே எனக்கு அதிக நம்பிக்கை தருவது. நிலையான கால்சியம் ஐசோடோப்புகளின் பெயர்ச்சிகள் அயனிப் பொறிகளில் 100 கிலோஹெர்ட்ஸ் அளவுத் துல்லியத்தில் அளக்கப்பட்டுள்ளன. அங்கே அயனிகள் ஏறக்குறைய நின்ற நிலையில் இருப்பதால் இந்த வோல்ட் பிழை அங்கே இல்லை. நம் கற்றையில் கால்சியம்-40, 48 இரண்டையும் அளந்து, பொறியில் கிடைத்த மதிப்போடு ஒத்துப்போகும்வரை கற்றை ஆற்றலைத் திருத்துங்கள். இந்த இணைக்கு 1 வோல்ட் பிழை 1.2 மெகாஹெர்ட்ஸ் மாற்றம் தரும். ஆகவே 1 மெகாஹெர்ட்ஸ் துல்லியத்தில் அளந்தாலே ஆற்றல் 1 வோல்ட்டுக்குள் தெரிந்துவிடும்.

48-ஐத் திருத்தத்துக்கும் 44-ஐச் சரிபார்ப்புக்கும் வையுங்கள். இரண்டையும் திருத்தத்துக்கே பயன்படுத்தினால், திருத்தம் சரிதானா என்று சொல்ல ஆளே இருக்காது.

5. லேசரை நிறுத்தி வையுங்கள், மின்னழுத்தத்தை நகர்த்துங்கள்

ஒரு ஐசோடோப்பை அளக்கும்போது லேசரின் அதிர்வெண் பூட்டியே இருக்க வேண்டும். அயனிகளின் வேகத்தை மாற்றித்தான் ஒத்ததிர்வை, அதாவது அவை லேசர் ஒளியை உறிஞ்சி ஒளிரும் நிலையை, தேடுகிறோம். லேசரை நகர்த்துவதைவிட மின்னழுத்தத்தை நகர்த்துவது வேகமானது, மறுபடி அதே இடத்துக்குத் திரும்பவும் வரக்கூடியது.

அயனிகளின் பின்னாலிருந்து லேசர் வந்தால், ஓடும் அயனிக்கு ஒளி சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரியும். அதனால் லேசரை இயல்பு அலைநீளத்தைவிட சுமார் 0.6 நானோமீட்டர் குறைவாக வைக்க வேண்டும். எதிரே வந்தால் இதற்கு நேர்மாறு. கோடே காணவில்லை என்று யாராவது தவிக்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தக் கூட்டல், கழித்தல் குறியைத்தான்.

393 நானோமீட்டர் ஒளியை நேரடியாக உண்டாக்குவதில்லை. டைட்டானியம்-சஃபையர் லேசரை 786 நானோமீட்டர் அருகே இயக்கி, அதிர்வெண்ணை இரட்டிக்கிறோம். அலைநீளமானி படிப்பது இரட்டிப்பதற்கு முந்தைய ஒளியை. அங்கே 3 மெகாஹெர்ட்ஸ் நகர்வு என்றால் அயனிக்கு 6 மெகாஹெர்ட்ஸ். இந்த 2-ஐ மறந்து பிழைக்கணக்கு எழுதியவர்கள் நிறையப் பேர்.

அலைநீளமானி நிலையாக 20 மெகாஹெர்ட்ஸ் தவறாகக் காட்டினால் பரவாயில்லை. இரண்டு ஐசோடோப்புகளுக்கும் அது ஒன்றே, கழித்தால் போய்விடும். இரண்டு அளவீடுகளுக்கு நடுவே அது நகர்வதுதான் ஆபத்து. நிலைப்படுத்திய ஹீலியம்-நியான் லேசரைக் கொண்டு அடிக்கடி திருத்துங்கள்.

6. அயனிகளைக் கொத்தாக்கி, நேரச் சாளரத்தைச் சரியாகத் திறங்கள்

கால்சியம்-52 விநாடிக்குச் சில நூறு அயனிகளே கிடைக்கும். லேசர் ஒளி குழாய்ச் சுவர்களில் சிதறி, கண்டறிவிகளில் அதைவிட அதிகமான போலி எண்ணிக்கையைத் தந்துகொண்டே இருக்கும். தொடர் கற்றையில் இந்த அளவீடு நடக்காது.

ஐஸ்கூல் என்ற கருவி இங்கே கைகொடுக்கிறது. ஹீலியம் வாயுவில் அயனிகளைக் குளிர்வித்து, சேர்த்து வைத்து, சில மைக்ரோவிநாடி நீளமுள்ள கொத்தாக வெளியிடும். 50 மில்லிவிநாடி சேர்த்து, 5 மைக்ரோவிநாடி மட்டும் எண்ணினால், போலி எண்ணிக்கை 10,000 மடங்கு குறையும். அயனிகளோ ஏறக்குறைய எல்லாமே அந்த 5 மைக்ரோவிநாடிக்குள் வந்துவிடும்.

சாளரத்தைக் கால்சியம்-40-க்குச் சரிசெய்துவிட்டு, அப்படியே 52-க்குப் போவது மிகவும் பொதுவான தவறு. 20 மீட்டர் பாதை என்று வைத்தால் 40-க்குச் சுமார் 45.5 மைக்ரோவிநாடி, 52-க்குச் சுமார் 52 மைக்ரோவிநாடி. வித்தியாசம் சாளரத்தின் அகலத்தையே தாண்டுகிறது. அயனிகள் வருவதற்குள் சாளரம் மூடிவிடும். இரவு முழுக்க எண்ணினாலும் வெறும் பின்னணிதான் கிடைக்கும். முடிந்தால் ஒவ்வொரு போட்டானின் நேரத்தையும் பதிவு செய்யுங்கள். சாளரத்தைப் பிறகு பகுப்பாய்விலும் திருத்தலாம்.

மாசு அயனிகளின் கவலை இங்கேதான். ஐஸ்கூலுக்குள் அளவுக்கு மீறி அயனிகள் சேர்ந்தால் ஒன்றையொன்று தள்ளும். கொத்து நீளும், ஆற்றலும் சற்று மாறும். நிறை எண் 48-இல் டைட்டானியமும் 52-இல் குரோமியமும் கூட்டமாக வந்தால் கால்சியத்தின் கோடு நகரலாம். சேர்க்கும் நேரத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். கோடு நகர்ந்தால் கூட்டம் அதிகம் என்று பொருள்.

7. அயனி கண்டறிவியின் முன்னால்தான் ஒத்ததிர்வுக்கு வர வேண்டும்

கால்சியம் அயனி ஒவ்வொரு முறை தூண்டப்படும்போதும் ஏறக்குறைய 6 முதல் 7 விழுக்காடு வாய்ப்பில் வேறொரு நீண்டஆயுள் நிலைக்கு இறங்கிவிடும். அங்கே போனபின் நம் லேசருக்கு அது தெரியாது. சராசரியாக 15 போட்டான் தந்ததும் ஓர் அயனி இருண்டுவிடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஸ்கேன் மின்னழுத்தத்தை நீண்ட பாதை முழுவதற்கும் கொடுத்தால், அயனிகள் கண்டறிவிக்கு முன்பே தங்கள் 15 போட்டான்களையும் செலவழித்துவிடும். போட்டோமல்டிபிளையர்கள் (ஒளியை எண்ணும் கண்டறிவிகள்) சுற்றி நிற்கும் பகுதிக்கு மட்டும் அந்த மின்னழுத்தத்தைக் கொடுங்கள். லேசர் திறனையும் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். ஓரளவுக்கு மேல் கோடு அகலமாகும், பின்னணி ஏறும், சைகை ஏறாது.

8. கால்சியம்-40-இல் முழு ஒத்திகை

ஒத்திகையில் கோட்டின் உச்சியை மட்டும் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள். இருபுறமும் ஒரே மாதிரி இறங்குகிறதா? ஒரு பக்கம் வால் நீண்டிருந்தால் கற்றை ஆற்றலில் சிதறல் இருக்கிறது, அல்லது லேசரும் கற்றையும் ஒரே கோட்டில் இல்லை. அகலம் 23 மெகாஹெர்ட்ஸைவிடப் பல மடங்காக இருந்தால் கதிரியக்கக் கற்றையைக் கேட்காதீர்கள். அகலத்தைக் குறைத்த பிறகே கேளுங்கள்.

9. கதிரியக்கக் கற்றை வந்ததும்: 40, 52, 40

முதலில் கால்சியம்-40, பிறகு 52, மறுபடி 40. இந்த வரிசையை எந்த அவசரத்திலும் கைவிடாதீர்கள். மின்னழுத்தமும் லேசரும் மணிக்கணக்கில் மெல்ல நகரும். இருபுறமும் ஒப்பீடு இருந்தால்தான் நடுவில் இருந்த நிலையைக் கணித்துக் கழிக்க முடியும். கற்றை நேரம் வீணாகிறது என்று கடைசி ஒப்பீட்டை விட்டுவிடுகிறவர், அதற்கு முந்தைய பல மணி நேர உழைப்பின் மதிப்பைக் குறைத்துக்கொள்கிறார்.

ஒரே மெதுவான ஸ்கேனுக்குப் பதில், வேகமான ஸ்கேன்கள் பலவற்றை எடுத்துக் கூட்டுங்கள். புரோட்டான்கள் 1.2 விநாடியின் மடங்குகளில், துடிப்புகளாக இலக்கில் விழுகின்றன. விழுந்ததும் கால்சியம் வேகமாக வெளிவந்து பிறகு குறையும். மெதுவாக நகர்ந்தால், இந்த ஏற்ற இறக்கம் அதிர்வெண் அச்சில் போலிச் சிகரமாக எழும். வேகமாகப் பலமுறை போனால் எல்லாப் புள்ளிகளுக்கும் ஏற்ற இறக்கம் சமமாகப் பங்கிடப்படும். புரோட்டான் வந்த நேரத்தையும் பதிவில் சேருங்கள்.

10. ஒற்றைப்படை ஐசோடோப்புகள்

கால்சியம்-49, 51 ஆகியவற்றின் கருச்சுழற்சி 3/2. ஒரே கோடு ஆறாகப் பிரியும். கால்சியம்-43-க்கும் (சுழற்சி 7/2) ஆறுதான். அதன் அடிநிலையின் பிரிவு மட்டுமே 3.2 கிகாஹெர்ட்ஸ், அதாவது 230 வோல்ட்டுக்கு மேற்பட்ட ஸ்கேன் அகலம். ஆறு கோடுகளையும் தனித்தனியாகப் பொருத்தாமல், காந்தத் திருப்புத்திறன், நான்முனைத் திருப்புத்திறன், மையம் ஆகிய மூன்றின் மூலம் சேர்த்துப் பொருத்துங்கள். மேல்நிலை, கீழ்நிலை காந்த மாறிலிகளின் விகிதம் ஐசோடோப்புக்கு ஐசோடோப்பு ஏறக்குறைய மாறாது என்பதால், 43-இல் கிடைத்த விகிதத்தைப் பூட்டிவிடலாம். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது இது பெரிய உதவி.

11. பொருத்துதல்

வோல்ட்டை அதிர்வெண்ணாக மாற்றிய பிறகே கோட்டைப் பொருத்துங்கள். முழுச் சார்பியல் வாய்பாட்டையே பயன்படுத்துங்கள். முதல்படித் தோராயம் போதாது. எண்ணிக்கை மிகக் குறைந்த புள்ளிகளில் பிழையாக வர்க்கமூலத்தைப் போட்டால், பூஜ்யம் வந்த இடத்துக்கு எல்லையற்ற நம்பிக்கை கொடுத்தது போலாகும். சிறு எண்ணிக்கைகளுக்குப் பொருந்தும் பாய்சான் நிகழ்தகவைக் கொண்டு பொருத்துங்கள். 52-இன் கோட்டு வடிவத்தை 40-இலிருந்து எடுத்துக்கொண்டு, இடத்தையும் உயரத்தையும் மட்டும் தளர்த்துங்கள்.

12. பெயர்ச்சியிலிருந்து ஆரத்துக்கு

பெயர்ச்சி இரண்டு பகுதிகளின் கூட்டல். ஒன்று நிறைக் காரணி (இரு நிறைகளின் தலைகீழிகளின் வித்தியாசம்) பெருக்கல் நிறை மாறிலி. மற்றது சராசரி வர்க்க ஆர மாற்றம் பெருக்கல் புல மாறிலி. இந்தக் கோட்டுக்கு நிறை மாறிலி சுமார் 409 கிகாஹெர்ட்ஸ்-அணுநிறை அலகு. புல மாறிலி ஒரு சதுர ஃபெம்டோமீட்டருக்கு சுமார் −280 மெகாஹெர்ட்ஸ். 40, 52 இணைக்கு முதல் பகுதி சுமார் 2,360 மெகாஹெர்ட்ஸ். அதிலிருந்து 150 கழிகிறது.

இந்த இரு மாறிலிகளையும் கிங் வரைபடத்திலிருந்து எடுக்கிறோம்: பெயர்ச்சிகளையும் ஆர மாற்றங்களையும் நிறைக் காரணியால் வகுத்து ஒன்றுக்கெதிராக ஒன்றை வரைந்தால், சாய்வு புல மாறிலி, வெட்டு நிறை மாறிலி. கால்சியத்தில் 40, 42, 43, 44, 46, 48 என்று ஆறு ஐசோடோப்புகள் எடுத்து அளக்கும் அளவுக்குக் கிடைப்பதும், அவற்றின் ஆரங்கள் எலக்ட்ரான் சிதறலாலும் மியூவான் அணுக்களாலும் தெரிந்திருப்பதும் பெரும் வாய்ப்பு. இன்னொரு வாய்ப்பும் உண்டு: 40, 48 இரண்டின் ஆரமும் ஏறக்குறைய ஒன்றே, 3.48 ஃபெம்டோமீட்டர். எட்டு நியூட்ரான் கூடியும் ஆரம் மாறவில்லை. அதனால் அந்த இணையின் 1.7 கிகாஹெர்ட்ஸ் பெயர்ச்சி முழுவதும் நிறையால் வந்ததே. நிறை மாறிலியை அது ஏறக்குறைய நேரடியாகச் சொல்லிவிடுகிறது.

வரைபடத்தில் நேர்கோட்டைப் பொருத்தும்போது சாய்வும் வெட்டும் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். இரண்டின் பிழைகளையும் தனித்தனி என்று எண்ணிக் கூட்டினால் ஆரத்தின் பிழை தேவைக்கு மேல் பெருகும். கிடை அச்சைப் புள்ளிகளின் நடுவுக்கு நகர்த்திப் பொருத்தினால் பிணைப்பு குறையும். நிறை மாறிலியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை 52-இன் ஆர மாற்றத்தில் 0.008 சதுர ஃபெம்டோமீட்டராக வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

13. முடிவை எழுதும் விதம்

எண்ணிக்கைப் பிழையை ஓர் அடைப்புக்குறியிலும், மின்னழுத்தத்தாலும் மாறிலிகளாலும் வரும் பிழையை வேறொன்றிலும் எழுதுங்கள். இரண்டாவது வகை எல்லா ஐசோடோப்புகளையும் ஒரே திசையில் நகர்த்தும். 51, 52 என்று அடுத்தடுத்தவற்றின் வித்தியாசம் அதனால் அதிகம் பாதிக்கப்படாது. 40-இலிருந்து 52 வரையுள்ள மொத்த ஏற்றம் பாதிக்கப்படும். இரண்டையும் ஒரே எண்ணாக்கிவிட்டால், எந்த முடிவை நம்பலாம் என்று படிப்பவரால் பிரித்தறிய முடியாது.

ஆரங்களோடு பெயர்ச்சிகளையும் அட்டவணையில் கொடுங்கள். பயன்படுத்திய நிறைகள், கற்றை ஆற்றல், அதைத் திருத்திய விதம் ஆகியவையும் இருக்கட்டும். மாறிலிகள் பிறகு மேம்படும்போது, அளந்த பெயர்ச்சிகள் கையில் இருந்தால் வேறு யாரும் புதிய கற்றை நேரம் கேட்காமலேயே ஆரங்களைத் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ள முடியும்.